எல்லாக் கதையிலும் ஒரே கடற்கரை

"நாலு, ஏழு. நாற்பத்தேழுதானே? எங்க, நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க."

"நாற்பத்தேழுதான் அண்ணாச்சி."

பொன்னுலிங்கம் டோக்கனை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டார். காலை பத்து மணிக்கு வேறு ஆளே காத்திருக்கவில்லை. ஆனாலும் எந்த எண்ணையும் இரண்டு முறை வாசித்து, எதிரில் இருப்பவர் வாயாலும் ஒரு முறை கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. எப்போது தொற்றிய பழக்கம் என்று அவருக்கே தெரியாது.

வந்திருந்த பெண்ணுக்கு ஐம்பத்தாறு வயதிருக்கும். பெயர் தமயந்தி. அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பொன்னுலிங்கம், "அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குங்க தங்கச்சி, சாய்ஞ்சுக்கலாம்" என்றார். அவள் பொத்தானைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, ஒன்றையும் விடவில்லை. கையில் ஈரமே இல்லை. பொன்னுலிங்கம் அதைக் கவனித்து மனத்தில் ஓர் ஓரமாகப் போட்டு வைத்தார். அவர் தொழிலில் பாதி கவனிப்பதுதான்.

"நீங்கதானே இதே இடத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "இதே மாடிதான்! அந்தா இருக்கே பிளைவுட் தடுப்பு, அது அப்போ உள்ளது. எட்டு கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணும் நெல்லுமூட்டை கனம். நானும் ராயப்பனும்தான் பார்ட்னர். வைரஸ் எடுக்கதுக்குன்னே எட்டயபுரம், கழுகுமலைன்னு எங்கெங்கேருந்தோ வருவாங்க. பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு பாக்கணுமே நீங்க. ரெண்டாயிரத்து ஒம்போது, மே மாசம். இந்த மாடிப்படில ஆரம்பிச்சு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பிள்ளைங்க. நான் நம்பரை வாசிக்கேன், பாஸ்ங்கிறேன், ஒரே கூச்சல். ராயப்பன் சிரிச்சுக்கிட்டே எல்லாருக்கும் கூல்டிரிங்க்ஸ் குடுக்கான்..."

"ஆரம்பிச்சாச்சா?" என்றபடி டீக்கடை சோலையப்பன் இரண்டு கிளாசோடு உள்ளே வந்தான். "ஏன் அண்ணாச்சி, போன வாரம் என் மாமனாருக்குக் கிட்னில கல்லுன்னு சொன்னேன். அதுக்கும் இதே ரிசல்ட் கதையத்தான் சொன்னீங்க. மழை வருமான்னு கேட்டாலும் ரிசல்ட்டுதான்."

"போலே, உன் வேலையப் பாரு."

அவன் சொன்னதும் உண்மைதான். காலையில் கண் விழித்தால் முதலில் வருவது அந்த நாள். ராயப்பனை நினைத்தாலும் அந்த நாள். ராயப்பன் போய் மூன்று வருடம் ஆகிறது; அவன் சிரித்த முகம் இந்த அளவுக்காவது கையில் இருக்கிறதே என்று பொன்னுலிங்கம் சமாதானப்பட்டுக்கொள்வார்.

"அன்னைக்கு நானும் வந்திருந்தேன் அண்ணாச்சி" என்றாள் தமயந்தி. "வந்தேன்னு தெரியுது. என்ன நடந்துச்சுன்னு தேடினா வேற ஒண்ணு வருது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அவள் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. நினைவுத்துணை. ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் இப்போது அது இருக்கிறது, பொன்னுலிங்கத்துக்கும்தான். நினைவு மூளையில்தான் இருக்கும். அங்கே போகும் வழியைத் துணை தெரிந்து வைத்திருக்கும். சாவியை எங்கே வைத்தோம், அந்த மருத்துவர் பேர் என்ன என்று மனம் தடவும்போது கையைப் பிடித்து அழைத்துப்போய் விடும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கண்ணுக்கு முன்னால் எழுத்து மிதக்கும். காற்றில் விரலால் தொட்டுப் பதில் சொல்லலாம். அந்தத் துணைக்குள் புகும் வைரஸை எடுப்பதுதான் இப்போது பொன்னுலிங்கத்தின் தொழில்.

"என்ன வருது?"

"கடற்கரை. நானும் எங்க வீட்டுக்காரரும் மகனும். வெயில் இதமா இருக்கு. அவரு சிரிச்சுக்கிட்டே இருக்காரு. என் மகன் தர்ஷன் ஓசூர்ல இருக்கான். அவன் பொண்டாட்டிக்கு இது மாசம். அப்பா எப்படி இருப்பாரு, சொல்லும்மான்னு தினம் போன்ல கேக்கான். அவனுக்கு ரெண்டு வயசுல அவரு காய்ச்சல்ல போயிட்டாரு. அவரோட கூடப் பிறந்தவங்களும் யாரும் இல்ல. அவரைத் தெரிஞ்ச ஒரே ஆளு இப்போ நான்தான். நானும் சொல்லுதேன். போன மாசம் அவன் சொன்னான், அம்மா, நீ சொல்ற எல்லாக் கதையிலயும் ஒரே கடற்கரைதான் வருதுன்னு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணினாலே பயம். குளத்துல காலை நனைக்க மாட்டாரு. நாங்க கடலுக்குப் போனதே இல்ல."

பொன்னுலிங்கம் டீயை வைத்துவிட்டார். "கையில ஏதாவது வச்சிருக்காரா, அந்தக் கடற்கரைல?"

"ஒரு பாட்டில். எல்லார் கையிலயும் இருக்கு. மஞ்சளா, கழுத்து நீளமா, நீல மூடி போட்டு."

"இப்போ நாலஞ்சு வருஷமா கடையில விக்காங்களே, மாம்பழ ஜூஸ், அதானே? உங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல அது ஏது? அதை உங்க ஞாபகத்துக்குள்ள வைக்கதுக்காகத்தான் அந்தக் கம்பெனிக்காரன் கடற்கரையவே கட்டியிருக்கான். இனிப்பா ஒண்ணை நினைக்கும்போதெல்லாம் கூடவே அந்தப் பாட்டிலும் வரணும். அவ்வளவுதான் அவன் நோக்கம்."

"யாரு உள்ள விட்டா?"

"நீங்கதான். கொஞ்ச நாளைக்கு முன்னால சிவப்பா ஒரு பெட்டி வந்திருக்குமே? உங்க நினைவுகள்ல நானூறு சிதைவு இருக்கு, உடனே சரிசெய்யவான்னு?"

தமயந்தி நிமிர்ந்தாள். "நானூத்திப் பன்னிரண்டு. பயந்துபோயிட்டேன். சரின்னு தொட்டுட்டேன்."

பொன்னுலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த இடத்தில் அவருக்கு எப்போதும் வரும். "அந்தக் காலத்துலயும் இதேதான் தங்கச்சி! கம்ப்யூட்டர்ல கேடயம் படம் போட்டு ஒரு பெட்டி வரும். உங்க கணினியில முந்நூறு வைரஸ்னு கத்தும். வைரஸைப் பிடிக்கேன்னு சொல்ற அதுதான் வைரஸ். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, நல்ல காவல்காரன் சத்தம் போட மாட்டான். அவன் பாட்டுக்கு வாசல்ல இருப்பான். போலி வந்தவுடனே பயமுறுத்துவான், யோசிக்க விடமாட்டான். உங்க அம்பத்தாறு வருஷ நினைவையும் அது எவ்வளவு நேரத்துல சோதிச்சுச்சு?"

"ஒரு பத்து விநாடி."

"பத்து விநாடில ஒரு மூட்டை உளுந்துல கல் பொறுக்க முடியுமா? அது ஒண்ணையும் பாக்கலை. எண்ணை மட்டும் சொல்லுச்சு. இன்னொண்ணு, பெட்டியோட மூலையில மூடுறதுக்குப் பெருக்கல் குறி இருக்கும் பாருங்க, அதைக்கூட நம்பக்கூடாது. அந்தப் பெட்டி மொத்தமும் ஒரே பொத்தான். வேண்டாம்னு தொட்டாலும் சரின்னுதான் அர்த்தம். தொடாம, வெளியிலேருந்து அணைக்கணும். இதை நான் இந்த ஊர்ல சொல்லாத ஆளே கிடையாது."

"இப்போ எடுத்துட்டா, அவரு திரும்பி வந்துருவாரா?"

பொன்னுலிங்கம் தன் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது அவர் தொழிலில் ஒரு விதி. "அது ஞாபகத்தை அழிக்கலை. வழிகாட்டிப் பலகையைத்தான் திருப்பி வச்சிருக்கு. ஆனா ஆள் நடக்காத ஒத்தையடிப் பாதைல முள்ளு வளரும்ல? இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா கஷ்டம். இப்போ பாப்போம்."

முதல் வேலை, வெளித்தொடர்பைத் துண்டிப்பது. செம்புக் கம்பியால் வலைபோலப் பின்னிய தொப்பியை அவள் தலையில் கவிழ்த்தார். திருடனை விரட்டும்போது கொல்லைக் கதவு திறந்திருக்கக்கூடாது. எடுக்க எடுக்க வெளியிலிருந்து திரும்ப இறங்கும். பிறகு துணைக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைச் சுவரில் விழவைத்து, தேதி வரிசையில் அடுக்கினார். ஆவணி மாதம் ஒரே நிமிடத்தில் மூன்று உருப்படிகள் உள்ளே வந்திருந்தன. காவலன் என்று ஒன்று. அதோடு ஒட்டிக்கொண்டு பேர் சொல்லாமல் இரண்டு.

"ஒண்ணு வரும்போது ரெண்டைக் கூட்டிட்டு வரும். பெரியவனை மட்டும் எடுத்துட்டு விட்டா, சின்னவனுங்க மறுபடியும் அவனைக் கூப்பிட்டுருவானுங்க."

மூன்றையும் நீக்கினார். காலையில் கண் விழித்ததும் தோன்றும் முதல் நினைவு கடற்கரை என்று மாற்றப்பட்டிருந்தது, அதைக் காலியாக்கினார். எதைத் தேடினாலும் கடற்கரை வழியாகப் போகும்படி வைத்திருந்த தேடலையும் பழையபடி திருப்பினார்.

"இப்போ வீட்டுக்காரரை நினைங்க. அந்தப் பொத்தானை அமுக்கி, நிமிர்ந்து உக்காந்துக்கோங்க."

அவள் கையைத் துடைத்தாள். பொத்தானைத் தொட்டாள். கண்ணை மூடினாள். மெல்ல உதடு பிதுங்கியது.

"கடற்கரை" என்றாள்.

பொன்னுலிங்கத்துக்கு இது புதிதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பிரவுசரோடு மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, சுத்தம் என்று கணினி சொல்கிறது, திறந்தால் அதே கண்றாவிப் பக்கம். கடைசியில் பார்த்தால், பிரவுசரைத் திறக்கத் திரையில் ஒரு சின்னப் படத்தைத் தட்டுவோமே, அந்த ஷார்ட்கட்டுக்குள் எழுதியிருந்த வரியின் கடைசியில் ஒரு வால் ஒட்டியிருந்தது. வீட்டை எத்தனை முறை கழுவினாலும் என்ன, சேறு வாசல்படியில் இருந்தது. நினைவுக்கும் அப்படி ஷார்ட்கட் உண்டு. ஒரு வாசனை, ஒரு சத்தம், கை தன்னால் செய்யும் ஒரு காரியம். அதைத் தட்டினால்தான் அந்த ஆள் வருவார்.

"தங்கச்சி, பொத்தானைத் தொடுறதுக்கு முன்னால கையைத் துடைச்சீங்களே, எதுக்கு?"

"துடைச்சேனா?" அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "பழக்கம். வீட்லயும் லைட்டு, ஃபேன் எதைத் தொட்டாலும் துடைச்சுட்டுத்தான் தொடுவேன். ஏன்னு தெரியல."

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"மோட்டார் காயில் கட்டுவாரு. கிணத்து மோட்டாரு, கிரைண்டரு எல்லாம்."

பொன்னுலிங்கம் சுவரில் அந்தத் தடத்தைத் தேடி எடுத்தார். கை துடைத்தல், ஸ்விட்ச். ஒரு நாளைக்கு இருபது தடவை மிதித்து மழமழவென்று இருந்த தடம். அதன் நுனியில், ஆவணி மாதத் தேதியோடு, வால். அதை நறுக்கி எறிந்தார்.

"இப்போ தொடுங்க."

தமயந்தி கையைத் துடைத்துப் பொத்தானில் விரலை வைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பொன்னுலிங்கம் துணியை எடுக்கப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஈரக்கையோட ஸ்விட்சத் தொடாதேன்னு எத்தனை தடவடி சொல்றது, செத்துத் தொலைக்கவா உன்னைக் கட்டிட்டு வந்தேன்னு... திட்டுதாரு அண்ணாச்சி! வாயில பீடி. கையெல்லாம் வார்னிஷ். சிரிக்கவே இல்ல. மூஞ்சி கடுகடுன்னு இருக்கு." கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றது. "அவரேதான். அவரு அப்படித்தான் இருப்பாரு."

அவள் செம்புத் தொப்பியோடு அப்படியே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கல்யாணத்தன்று வேட்டியில் காபி கொட்டியது. தர்ஷன் பிறந்தபோது தூக்கப் பயந்துகொண்டு தள்ளி நின்றது. பொன்னுலிங்கம் குறுக்கே பேசாமல் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"இப்போ உங்க ரிசல்ட் நாளும் வருது அண்ணாச்சி" என்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் தயங்கியது. "நீங்க எனக்கு ஃபெயிலுன்னு சொன்னீங்க."

"நானா? அன்னைக்கு யாருமே ஃபெயில் இல்லியேம்மா."

"மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல பாத்தீங்க. எனக்கு மட்டும் இல்ல, பதினோரு பேருக்கு. மத்தியானம் உங்க பார்ட்னர் வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா நாங்க எல்லாரும் பாஸ். மூணாம் நம்பருக்குள்ள என்னமோ புகுந்து, ரிசல்ட் பக்கத்துக்குப் பதிலா அதே மாதிரி ஒரு போலிப் பக்கத்தைக் காட்டியிருக்கு. ஃபெயில்னு காட்டிட்டு, மறுகூட்டலுக்கு இந்த நம்பருக்குப் போன் போடுன்னு. நீங்கதான் சொன்னீங்க இதெல்லாம்."

"எங்க சொன்னேன்?"

"எங்க வீட்டு வாசல்ல. சாயங்காலம் நீங்களும் அவரும் வண்டிய எடுத்துக்கிட்டு பதினோரு வீட்டுக்கும் போயிருக்கீங்க. எங்க வீடு கடைசி. ஆயிரத்து நாப்பத்தொண்ணு மார்க்கும்மான்னு சொல்லிட்டு நீங்க அழுதீங்க. ஆனா எங்க அப்பா, இனிமே என்னன்னு மத்தியானமே மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிட்டாரு. வாக்குக் குடுத்தா மாத்த மாட்டாரு. அப்படித்தான் எனக்கு மோட்டார்காரரு வந்தாரு." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "எனக்கு உங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி. ஒரு வருஷம் இருந்துச்சு. அப்புறம் இல்ல. அவரைப் பாத்த பிறகு எப்படி இருக்கும்?"

"இல்லம்மா, நீங்க வேற எங்கயோ... எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தினமும் பாக்கேனே. எல்லாரும் பாஸு. ராயப்பன் சிரிச்சுக்கிட்டே பிள்ளைங்களுக்குப் பாட்டில் குடுக்கான். மஞ்சளா, நீல மூ..."

சொல் அங்கேயே நின்றுவிட்டது.

கீழே பேருந்துக்காரர் ஒருவர் விளாத்திகுளம், விளாத்திகுளம் என்று கூவுவது கேட்டது. பொன்னுலிங்கம் பிளைவுட் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். எட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த காலத்தில் கோவில்பட்டிக் கடைகளில் அந்த மாம்பழ ஜூஸே கிடையாது. நீல மூடி ஏது?

தமயந்தி தொப்பியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே அவர் தலையில் வைத்தாள்.

"எதைத் தொடணும்னு சொல்லுங்க. நான் தொடுதேன்."

பட்டியல் சுவரில் விழுந்தது. தேதி வரிசை. மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி; ராயப்பன் இறந்து சரியாக ஒரு மாதம். ஒரே நிமிடத்தில் மூன்று உருப்படிகள். தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, எந்தத் துணையும் பிடிக்காமல், அது தானாக மெல்ல எழுந்து வந்தது. ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருந்தபோது கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்புப் பெட்டி. கேடயம் படம், அதே கொட்டை எழுத்து, அதே கூச்சல். அவருக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம் வந்தது. பழைய எதிரியை வழியில் பார்த்த சந்தோஷம். ராயப்பன் இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பானே என்று நினைத்துக்கொண்டே, போடா என்று மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டுவிட்டார்.

ஊருக்கெல்லாம் சொன்ன பொன்னுலிங்கம்.

"மூணையும் எடுத்துருங்க" என்றார். "காலையில வர்ற முதல் நினைவையும். தேடலையும்."

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "வாலு? உங்களுக்கு எதுல ஒட்டியிருக்கும்?"

"தெரியலம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள் தமயந்தி. "என் டோக்கனை ரெண்டு தடவை வாசிச்சீங்க. என்னையும் சொல்லச் சொன்னீங்க. நான் ஒருத்திதான் இருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். பதினோரு எண்களைத் தப்பாகச் சொன்ன வாய், முப்பத்தெட்டு வருடமாக ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தடம் கிடைத்தது. நுனியில் வால். தமயந்தி விரலை அதன்மேல் கொண்டுபோனாள்.

"இருங்க." அவர் கை தன்னால் உயர்ந்தது. "ராயப்பனை நான் பாக்கிறது அது ஒண்ணுலதான். அவன் சிரிக்கிறதும் அது ஒண்ணுலதான். இதுக்கு அடியில என்ன இருக்குன்னே தெரியாது. முள்ளு மூடியிருந்தா ஒண்ணுமே இல்லாமப் போயிரும்."

தமயந்தி விரலை எடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை. "நானும் ஒரு கடற்கரைய விட்டுட்டுத்தான் அண்ணாச்சி உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவர் கையை இறக்கி, சரி என்று தலையை அசைத்தார். அவள் தொட்டாள்.

"உங்க ரிஜிஸ்டர் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"இப்போதானே வந்துச்சு." ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வேர்வை நாற்றம். பாதி இறக்கிய ஷட்டர். ஃபேன் ஓடாத அறை. இரட்டைச் சடையில் ஒரு பெண் படியில் இறங்கி ஓடுகிறாள். யார் கையிலும் எந்தப் பாட்டிலும் இல்லை. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் வேர்வையில் சட்டை நனைந்து நிற்பவன் திரும்புகிறான்.

"யாரு, உங்க பார்ட்னரா?" தமயந்தியின் குரல் எங்கிருந்தோ கேட்டது. "சிரிக்காரா?"

பொன்னுலிங்கத்தின் உதடு சிரிப்பில் விரிந்தது.

"இல்ல தங்கச்சி" என்றார். "மூணாம் நம்பரை அன்னைக்கே சுத்தம் பண்ணுன்னு சொன்னேன்ல சோம்பேறி மூதின்னு திட்டுதான். வண்டிய எடுல, பதினோரு வீடு இருக்குங்கான்."